கூட்டிருப்புக்காரி வாசித்த கதை

பிஜி பிறந்தது களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். வாழ்க்கைப்பட்டு வந்தது எல்லைக்கு இந்தப் பக்கம், செங்கல் என்ற ஊருக்கு. நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மரச்சீனிக் கிழங்கு, ஒரே மீன்கறி, ஒரே பேச்சு. ஆனால் அந்தத் தூரத்தைத் தாண்டியதும் எழுத்து மட்டும் மாறிப்போயிற்று. பஸ்ஸின் நெற்றியிலும் ரேஷன் கடைச் சுவரிலும் மருந்துச் சீட்டிலும் வளைந்து வளைந்து ஓடிய மலையாள எழுத்துகளில் ஒன்றுகூட அவளுக்குப் பிடிபடவில்லை.

அவள் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு வரை. பெற்ற அம்மை படுக்கையில் விழுந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. ஆறு வருடம் அம்மையைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டி வளர்ந்தவள் அவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையே தொழிலாகிவிட்டது. ஆசுபத்திரியிலும் வீட்டிலும் நோயாளிக்குத் துணையாக இருப்பவளை அங்கே கூட்டிருப்புக்காரி என்பார்கள்.

மலையாளம் அவள் நன்றாகப் பேசுவாள். அதனால் வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. மகள் ஷீனா ஒன்றாம் வகுப்புப் படித்தபோது, பிள்ளையின் புத்தகத்தை மடியில் வைத்து ஒருநாள் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். “அம்மைக்கு இதுகூட அறியாதா?” என்று குழந்தை சிரித்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை அவள் மறுபடி தொடவில்லை.

அன்று முதல் பதினைந்து வருடம் தந்திரத்தால் ஓடியது. கடையில் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பாள். பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்பவள் எந்த பஸ்ஸில் ஏறுகிறாள் என்று பார்ப்பாள். மாத்திரை என்றால் அட்டையின் நிறம். ஷீனா வளர்ந்து மங்களூரில் நர்சிங் படிக்கப் போன பிறகு இன்னும் எளிதாயிற்று. காகிதத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும், அவள் குரலில் திருப்பிச் சொல்லிவிடுவாள்.

தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் சுயம்புவின் வீட்டுக்கு வேலைக்குப் போன அன்றுதான் முதல்முறையாக ஒருத்தி நேராகக் கேட்டாள்.

சுயம்பு அரசு பஸ்ஸில் முப்பது வருடம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. சர்க்கரை வியாதியில் வலது கண் ஏற்கனவே போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணிலும் உள்திரை கழன்று, ஆபரேஷன் ஆகியிருந்தது. கண்ணுக்குள் ஒரு காற்றுக்குமிழி வைத்திருந்தார்கள். அது மேலே மிதந்து திரையை அழுத்தி ஒட்டவைக்க வேண்டும். அதற்காக இரண்டு வாரம் அவர் முகம் தரையைப் பார்த்தபடியே இருக்க வேண்டும். சாப்பாடும் அப்படித்தான், தூக்கமும் அப்படித்தான்.

மகள் பிந்து திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. விடியற்காலை ரயிலுக்குப் போனால் ராத்திரிதான் வருவாள்.

“பிஜிக்கா, மலையாளம் வாசிப்பியளா?” என்று முதல் நாளே கேட்டாள். “மருந்து முறை எல்லாம் நான் எழுதி பிரிட்ஜில ஒட்டிவைப்பேன். அப்பாக்கு இருக்கிறது இந்த ஒரு கண்ணாக்கும். முன்ன வந்த அக்கா குப்பிய மாத்தி எடுத்துட்டாவ. அன்னைக்கே வேண்டாம்னு பறஞ்சிட்டேன்.”

“வாசிப்பேன் மக்கா,” என்றாள் பிஜி.

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. அன்றைக்குப் பிந்து குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியே சொன்னாள். ரோஸ் மூடி நாலு வேளை, சிவப்பு மூடி இரண்டு வேளை. பிஜி நிறத்தைப் பிடித்துக்கொண்டாள். எட்டு நாளும் பிழையில்லாமல் போயிற்று.

பிழை வேறு இடத்தில் ஆரம்பித்தது. டிவியில்.

சுயம்புவுக்கு ஒரு தொடரில் பைத்தியம். ஒரு பழைய விண்கப்பலில் நாலு பேர் நட்சத்திரம் நட்சத்திரமாகத் திரியும் இங்கிலீஷ் கதை. அடியில் மலையாளத்தில் எழுத்து ஓடும். கண் நன்றாக இருந்தபோது அதை வாசித்துத்தான் பார்த்திருக்கிறார். இப்போது முகம் நடுவில் ஓட்டை வைத்த தலையணைக்குள். இரண்டாம் நாள் மத்தியானம் அவர் கூப்பிட்டார்.

“எடி பிஜி, அந்த டிவியப் போடு. அடியில வாறத அப்படியே வாசிச்சுத் தா. எனக்குக் காது மட்டும்தான் உண்டு.”

அவள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் ஒரு தாடிக்காரன் எதையோ கத்தினான். அடியில் எழுத்து ஓடி மறைந்தது. பிறகு இன்னொரு வரி.

“என்ன பறயுதான்?”

“அது… கப்பலுக்கு எண்ணெய் தீர்ந்து போச்சாம்,” என்றாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. வாழ்க்கை முழுவதும் முகத்தைப் பார்த்தே நடந்தவளுக்கு முகத்திலிருந்து கதை எடுப்பது கஷ்டமாக இல்லை. யார் கோபமாக இருக்கிறான், யார் பொய் சொல்கிறான், அந்தச் சின்னப் பெண் எதற்காகக் கீழுதட்டைக் கடிக்கிறாள் எல்லாம் தெரிந்தது. பெயர்தான் கஷ்டம். தாடிக்காரன், மொட்டை, கேப்டன் அம்மை, சின்னப் பெண் என்று வைத்துக்கொண்டாள்.

“எடி, அவன் வாட்டர்னு பறஞ்சானே. நீ சோறுங்கியே?” என்பார் சுயம்பு சில சமயம்.

“சோறும் வெள்ளமும் கேக்குதான் அண்ணா.”

“விண்கப்பல்ல சோறா? நல்லா இருக்கு. தொட்டுக்க என்னவாம், நெத்திலிக் கறியா?”

அவர் சிரிக்கும்போது தலையணை குலுங்கும். அவளுக்கு முதுகு வேர்க்கும். மற்ற வீடுகளில் அவளுக்குக் காகிதத்துக்கு மட்டும்தான் பயம். இங்கே மத்தியானம் பன்னிரண்டு அடித்ததும் டிவிக்கும் பயம் வந்தது.

ஒன்பதாம் நாள் காலையில் அவள் வந்தபோது பிரிட்ஜ் கதவில் பழைய காகிதம் இல்லை. புதிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. முதல் நாள் சாயங்காலம் பிந்து அப்பாவை ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தாள். காகிதத்தில் ஆறேழு வரி. இரண்டு இடத்தில் அடிக்கோடு. உள்ளே மருந்துத் தட்டில் ரோஸ் மூடி, சிவப்பு மூடி, கூடவே புதிதாக ஒரு மஞ்சள் மூடிக் குப்பி. சின்னக் கவரில் வெள்ளை மாத்திரை.

பிஜி போனை எடுத்துக் காகிதத்தைப் படம் பிடித்து ஷீனாவுக்கு அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது. அவ்வளவுதான். அப்புறம்தான் நினைவு வந்தது, ஷீனாவுக்கு இன்றைக்குப் பரீட்சை. ஒரு மணிவரை போனைத் திறக்க மாட்டாள்.

“அண்ணா, நேத்து டாக்டர் என்ன பறஞ்சாரு?” என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள்.

“எங்கிட்ட எங்க பறஞ்சாரு? நமக்குத் தலைகுனிஞ்ச நிப்பு. அவளும் டாக்டரும் இங்கிலீஷில பேசிட்டாவ. எல்லாம் எழுதி ஒட்டியிருக்கேன்னா. நீ நோக்கல்லியா?”

“நோக்கினேன், நோக்கினேன்.”

பிந்துவைக் கூப்பிட்டுவிடலாம் என்று எண்ணை அழுத்தினாள். முதல் ரிங் போவதற்குள் துண்டித்தாள். என்னவென்று கேட்பது? எழுதி ஒட்டியிருக்கிறதே அக்கா, என்பாள். அதற்கு என்ன பதில்? மஞ்சள் மூடிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புதிய மருந்து எதற்கு? பழையதை நிறுத்தவா, பழையதோடு சேர்க்கவா? வலி வந்தால் மட்டும் ஊற்றவா? இருக்கிற ஒரே கண். தெரியாத மருந்தை ஊற்றக்கூடாது என்று முடிவு செய்தாள். தெரிந்ததை நிறுத்துவதும் தப்பாகப் பட்டது. எட்டு மணிக்கு ரோஸும் சிவப்பும் ஊற்றினாள். பன்னிரண்டுக்கு மறுபடி ரோஸ். ஊற்றும்போது ஒரு சொட்டு தவறிக் கன்னத்தில் விழுந்தது.

“என்னடி, கண்ணு அங்கயா இருக்கு?” என்றார் சுயம்பு. பிறகு, “தலை கொஞ்சம் வலிக்குது. குனிஞ்சே கெடந்ததினாலயாக்கும். நீ கதையப் போடு, மறந்துபோவும்,” என்றார்.

அவள் போனைப் பார்த்தாள். ஒரு டிக். டிவியைப் போட்டாள்.

அன்றைய கதை ஆரம்பமே நன்றாக இல்லை. கப்பல் ஒரு கறுத்த கோளத்தின் பக்கத்தில் நின்றது. வெளியிலிருந்து சாம்பல் மாதிரி ஒரு தூசி உள்ளே கசிந்தது. மூச்சில் அதை இழுத்தவர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஏதோ ஒன்று வந்து நின்றது. கப்பலின் நடைவழியில் தாடிக்காரன் நிற்க, சுவரெல்லாம் தண்ணீர் வடிந்து அவன் இடுப்புவரை ஏறியது. மற்றவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள், அவர்கள் கால் நனையவில்லை.

“ஓரோருத்தருக்க பேடியும் அவியளுக்க முன்ன வந்து நிக்குது அண்ணா,” என்றாள். பயத்தை வாசிக்க எழுத்து வேண்டியிருக்கவில்லை. “தாடிக்காரனுக்கு வெள்ளம்.”

“அதாக்கும் அந்தச் சத்தம்,” என்றார் சுயம்பு. “எனக்கும் ஒண்ணு உண்டு கேட்டியா. வண்டி ஓட்டின காலம் தொட்டே சொப்பனத்தில வரும். பஸ்ஸு நிறைய ஆளு. சின்னப் பிள்ளைய எல்லாம் உண்டு. நான் ஸ்டியரிங் வளையத்தப் பிடிச்சிருக்கேன். கண்ணு தொறக்க மாட்டேங்குது. பிரேக்கச் சவிட்டினா கால் தாழப் போய்க்கிட்டே இருக்கு. பொறத்தால யாருக்கும் ஒண்ணும் தெரியாது. பாட்டுப் பாடிக்கிட்டு வாறாவ.”

“பெறகு?”

“பெறகென்ன, முழிச்சிருவேன். இப்ப முழிச்சாலும் அப்படித்தானே இருக்கு.”

பிஜி திரைக்குத் திரும்பினாள். திரையில் மொட்டைத் தலையன் தன் கையைப் பார்த்து அலறினான். விரல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியாகி உதிர்ந்தன. அதைச் சொன்னாள். அடுத்தது சின்னப் பெண்.

அந்தப் பெண் ஒரு நீளமான மேசையின் முனையில் நின்றாள். இரண்டு பக்கமும் முகமில்லாத ஆட்கள். ஒருவர் எழுந்து அவளிடம் ஒரு தகட்டை நீட்டினார். தகட்டில் ஏதோ மினுங்கியது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். பின்னால் நகர்ந்தாள். வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை.

“என்ன நடக்குது? ஒரு சத்தமும் இல்லியே?”

“அவளுக்கு ஒரு காகிதம் குடுத்து வாசிக்கச் சொல்லுதாவ,” என்றாள் பிஜி. “எல்லாரும் நோக்கிக்கிட்டு இருக்காவ. அவளுக்குப் பேச்சு எல்லாம் தெரியும். ஆனா அந்த எழுத்து தெரியாது. தெரியும்னு பறஞ்சு வந்து ஏறிட்டா. இப்ப வாசிக்கல்லன்னா… அதில என்னமோ முக்கியமா எழுதியிருக்கு. என்னன்னு அவளுக்குத் தெரியல்ல. தப்பா வாசிச்சா கப்பலே போயிரும்.”

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“யாருகிட்டயாவது கேக்கலாமே அவ,” என்றார் சுயம்பு மெதுவாக.

“கேட்டா எறக்கி விட்டுருவாவ.”

அவர் பதில் சொல்வதற்குப் பதிலாக முனகினார். கட்டிலின் விளிம்பைப் பிடித்தார். “பிஜி, கண்ணு… கண்ணுக்குள்ள யாரோ கைய விட்டு அமுக்குத மாதிரி…” சொல்லி முடிக்கும் முன்னே வாந்தி எடுத்தார். அவள் ஓடிவந்து தலையைத் தூக்காமல் நெற்றியைத் தாங்கினாள். கை சில்லிட்டிருந்தது, அவருடையதா தன்னுடையதா என்று தெரியவில்லை. கண் மேல் ஒட்டியிருந்த கவசத்தை நீக்கிப் பார்த்தாள். வெள்ளை விழி முழுக்கச் சிவந்து கிடந்தது.

போனைப் பார்த்தாள். ஒரு டிக்.

இன்னும் கால்மணி நேரம் இருந்தால் ஷீனா வெளியே வந்துவிடுவாள். கால்மணி நேரம் யாருக்கும் எதுவும் தெரியாது. இந்த எண்ணம் அவளுக்கு வந்தது. வந்தது என்பதை அவள் பின்னாளில் யாரிடமும் மறைக்கவில்லை. அவர் மறுபடி முனகினார். அவள் பிரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு பிந்துவைக் கூப்பிட்டாள்.

“என்ன அக்கா? மீட்டிங்கில இருக்கேன்.”

“மக்கா, எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. நீ எழுதி ஒட்டினது என்னன்னு பறயணும். அண்ணனுக்குக் கண்ணு நல்ல வலி. சர்த்திச்சிட்டாரு.”

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். கதவு. பிறகு பிந்து தன் கையால் எழுதியதை மனப்பாடமாகச் சொன்னாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. ரோஸ் மூடி அதை இன்னும் ஏற்றும், இன்று முதல் நிறுத்த வேண்டும். மஞ்சள் மூடி அழுத்தத்தைக் குறைக்க, காலை எட்டுக்கு ஒரு சொட்டு, ராத்திரி எட்டுக்கு ஒரு சொட்டு. காலையில் மாத்திரை பாதி. வலியோ வாந்தியோ வந்தால் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் கூப்பிட வேண்டும். அடிக்கோடு போட்ட இரண்டில் ஒன்று அந்த வரி.

“ரோஸ் எத்தன தடவ ஊத்தினிய?”

“ரெண்டு.”

“மஞ்ச?”

“தொடல்ல.”

பிந்து மூச்சு விட்டது கேட்டது. டாக்டரைக் கேட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாள். “மஞ்சள ஒரு சொட்டு இப்பவே ஊத்துங்க. பாதி மாத்திரை குடுங்க. எலியாவுக்க ஆட்டோவ விளிச்சு நேரா ஆசுபத்திரிக்கு வாங்க. நான் அங்க நிப்பேன். தலை நிமிரக்கூடாது.”

ஆட்டோவின் பின்சீட்டில் பிஜி உட்கார்ந்து, அவர் தலையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். எலியா குழி பார்த்து ஓட்டினான். இருந்தாலும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் பல்லைக் கடிப்பது அவள் தொடையில் தெரிந்தது. நெய்யாற்றின்கரை தாண்டியது.

“எட்டு நாளும் வாசிச்சது?” என்று மடியிலிருந்து கேட்டார்.

“வாசிக்கல்ல அண்ணா. நானா உண்டாக்கினது.”

“எனக்கு ரெண்டாமத்த நாளே சம்சயம் உண்டு. விண்கப்பல்ல எவனும் எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு அம்மாதிரி கத்த மாட்டான்.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “கதை நல்லா இருந்துது. அதனால வாய் மிண்டாம கெடந்தேன். மருந்திலயும் அப்படியாக்கும்னு எனக்குப் புத்தி போகல்ல. பிந்துகிட்ட ஒரு வார்த்த நானும் பறஞ்சிருக்கலாம்.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிஜி அவர் பின்னந்தலையில் கை வைத்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆசுபத்திரி வாசலில் பிந்து சக்கர நாற்காலியோடு நின்றாள். அப்பாவை வாங்கிக்கொண்டாள், பிஜியைப் பார்க்கவில்லை. உள்ளே கண்ணில் கருவி வைத்து அழுத்தம் பார்த்தார்கள், கையில் ஊசி போட்டார்கள், மறுபடி பார்த்தார்கள். குறையாவிட்டால் இன்றைக்கே கண்ணுக்குள் ஊசி விடவேண்டும் என்று சிஸ்டர் வந்து சொன்னார். குறையாமலே இருந்தால் பார்வை நரம்பு போய்விடும், பிறகு குமிழியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

பிஜி நடைவழியின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. ஷீனாவிடமிருந்து குரல் செய்தி வந்து கிடந்தது. அவள் அதைத் திறக்கவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மூத்திரம் முட்டியது. ஆனால் அந்த நேரத்தில் என்ன சொல்வார்களோ என்று நகராமல் இருந்தாள்.

நாலரைக்குப் பிந்து வெளியே வந்து அவள் முன் நின்றாள்.

“முதல் நாளே பறஞ்சிருந்தா நான் வாயால சொல்லித் தந்திருப்பேனே அக்கா. ஒரு போனு.”

“ஆமா மக்கா.”

“எதுக்கு பறயல்ல?”

பிஜி யோசித்துப் பார்த்தாள். அத்தனை வருடத்துக்கும் சேர்த்து ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. “பேடிச்சு,” என்றாள்.

“எனக்க அப்பாவுக்க கண்ண விடப் பேடியா?”

பிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நாளைக்கு வரண்டாம். எனக்கு உங்க மேல கோபம் உண்டு, எப்ப மாறும்னு தெரியாது.” திரும்பி உள்ளே போனவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். “அழுத்தம் பாதிக்கு எறங்கிருக்கு. கண்ணுக்குள்ள ஊசி வேண்டாம்னு பறஞ்சாரு. பார்வை எவ்வளவு மிஞ்சும்னு குமிழி கரைஞ்ச பெறகுதான் தெரியும்.”

பிஜி எழுந்து நின்று கும்பிட்டாள். கதவு மூடியிருந்தது.

அதன்பிறகு சுயம்புவை அவள் ஒருமுறைதான் கண்டாள். இரண்டு மாதம் கழித்து, பஸ்ஸில் போகும்போது. தனுவச்சபுரம் ஜங்ஷனில் கறுப்புக் கண்ணாடியோடு, யார் கையையும் பிடிக்காமல், டீக்கடை ஓரம் நின்றிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு தெரிகிறது என்று தூரத்திலிருந்து கணக்கிட முடியவில்லை. இறங்கிப் போய்க் கேட்கலாம் என்று எழுந்தவள், கம்பியைப் பிடித்தபடி அடுத்த நிறுத்தம்வரை நின்றுவிட்டாள்.

இப்போது அவள் வேலைக்குப் போகும் வீடுகளில் வாசலிலேயே சொல்லிவிடுகிறாள். எனக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும், மலையாளம் வாசிக்க வராது என்று. சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் நாக்கு உலர்ந்துவிடும். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது, அதியன்னூரில் குமாரி என்பவரின் வீடு; பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பார்க்க ஆள் வேண்டும். குமாரி கொஞ்ச நேரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்போ மருந்து எப்படிக் குடுப்பிய?”

“நீங்க வாயால பறஞ்சா போதும். நான் தமிழில எழுதிக்குவேன். எழுதினத உங்களுக்கு வாசிச்சுக் காட்டுவேன்.”

அங்கே அவள் ஆறு மாதமாக இருக்கிறாள். நல்ல வேலைக்காரி என்று பெயர். ஒரே ஒரு குறைதான் குமாரி அக்கம்பக்கத்தில் சொல்வார். எத்தனை நாள் கொடுத்த மாத்திரையானாலும், உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் வந்து நிற்பாளாம்.

“இதுதானே அக்கா?”

“அதுதான் பிஜி. எத்தன வாட்டி கேப்ப?”

“ஒருக்கா நோக்கிப் பறயுங்க.”

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குமாரி வந்து குனிந்து பார்த்து, ஆமாம் என்று சொல்லும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.